கடுகண்ணாவ ஏற்றத்தில் சொன்ன ‘இல்லை’

போன மழைக்காலம் முழுவதும் என் நண்பனின் வலது காதுக்குப் பின்னால் காது கேட்கும் கருவி ஒன்று இருந்தது. அவரைக்கொட்டை அளவு. தோலின் நிறத்தில் செய்திருந்தார்கள், ஆனால் அது வெள்ளைக்காரன் தோலின் நிறம். கொழும்புக் கொட்டாஞ்சேனைக்காரன் காதில் ஒட்டுப் போட்டதுபோல் தெரிந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வந்தது. அதை விற்ற கடைக்காரன்மேல் வந்தது, என் நண்பனை அங்கே கூட்டிக்கொண்டுபோன அவனுடைய மகன்மேல் வந்தது. அது காதில் ஏறிய நாளிலிருந்து அவனோடு கதைக்கும்போது குரலை உயர்த்திய எல்லோர்மேலும் வந்தது. நான் இருக்கும் வெள்ளவத்தைக்குத் திரும்பும் ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்த ஆத்திரம் போகவேண்டிய இடத்துக்குப் போகும். அவனுடைய காதில் பழுது இருக்கவில்லை. இருக்கிறது என்று அவனை நம்பவைத்தவன் நான்.

நாங்கள் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அவன் சட்டம் படித்துப் புதுக்கடை நீதிமன்றங்களில் வழக்காடினான். நான் பொறியியல் படித்து அரசாங்கத் திணைக்களமொன்றில் ஓய்வுபெறும்வரை இருந்தேன். இளவயதில் இருவரும் சேர்ந்து ஒரு கார் வாங்கினோம். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரையைக் கழற்றி வைக்கக்கூடிய, வெளிறிய நீல நிறத்து ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார். தேயிலைத் தோட்டத்துரை ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது விற்றது. எங்கள் வீட்டாருக்கு அதில் இடமில்லை என்பதால் எங்கள் வீட்டார் யாருக்கும் அதைப் பிடிக்கவில்லை. அது அவனுடைய கொட்டாஞ்சேனை வீட்டுக் கராஜில் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் மாதா கோயில் பூசை முடிந்து வரும் நேரத்துக்கு நான் போய்ச் சேருவேன்.

அந்தக் காரில் இரண்டு காபரேட்டர்கள். பெற்றோலும் காற்றும் கலக்கிற இடம் அதுதான். ஒவ்வொன்றின் அடியிலும் ஆறு முகமுள்ள சிறிய நட்டு ஒன்று உண்டு. அதை மேலே ஏற்றினால் கலவையில் பெற்றோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். பெற்றோல் கூடினால் கரும்புகை வரும், பிளக் கரிபிடிக்கும். குறைந்தால் எஞ்சின் சூடேறும், பிளக் வெளுக்கும். சரியாக இருந்தால் பிளக்கின் நுனி தேத்தண்ணிக் கறை நிறத்தில் இருக்கும். இப்போதைய கார்களில் இதையெல்லாம் கணினி பார்த்துக்கொள்கிறது. எங்கள் காரில் ஸ்பானரும் காதும் பார்த்துக்கொண்டன.

அந்த நட்டுக்கு என் நண்பன் வைத்த பெயர் ஆறுமுகம். அவன் கத்தோலிக்கன், நான் சைவன். “உன்ர ஆறுமுகத்தை ஒரு முகம் இறக்கு” என்று சொல்லிவிட்டுச் சிலுவையும் போட்டுக்கொள்வான்.

எங்களிடம் ஒரு முறை இருந்தது. ஒருவன் தனியாக நட்டைத் தொடுவதில்லை. ஒருவன் குனிந்து ஸ்பானர் பிடித்தால் மற்றவன் காரின் பின்பக்கம் போய், சைலன்சரின் அருகே கண்ணை மூடிக்கொண்டு நிற்கவேண்டும். சத்தம் சரியாக வந்து அமரும் கணத்தில் கையை உயர்த்தவேண்டும். பிறகு இருவரும் இடம் மாறி மறுபடியும் செய்வோம். இரண்டு காதும் ஒரே இடத்தில் ஒத்துப்போனால் பொனட்டை மூடுவோம். ஒத்துப்போகாவிட்டால் தேத்தண்ணி குடித்துவிட்டு மறுபடியும் தொடங்குவோம். ஒத்துப்போகாத ஞாயிறுகள்தான் அதிகம். எனக்குப் புத்தகக் கணக்கில் பெற்றோல் கொஞ்சம் அதிகம் என்று படும். அவன் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே வைப்பான். “கராஜில நிக்கிறதுக்கு இல்லை மச்சான், மலையேறுறதுக்கு” என்பான். நின்றுகொண்டிருக்கும்போது கணக்காக இருக்கும் கலவை, ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது போதாமல் போகும் என்பது அவன் வாதம். நான் அதை வக்கீலின் வாதமாகவே எடுத்துக்கொண்டேன்.

இனி நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களாக எனக்கு அந்தச் சத்தம் கேட்பதில்லை. எஞ்சின் ஓடுவது கேட்கும். அதன் சீர் மாறுவது கேட்காது. முதலில் சைலன்சர் மாற்றியதால் என்று நினைத்தேன். பிறகு துறைமுகத்து லொறிகள் அந்தத் தெருவால் போவது கூடிவிட்டது என்று நினைத்தேன். பிறகு நினைப்பதை விட்டுவிட்டேன். கண்ணை மூடி நிற்கவேண்டிய இடத்தில் கண்ணைத் திறந்து நின்றேன். திறந்திருந்த பொனட்டுக்குப் பக்கத்தில் அவனுடைய முழங்கை தெரியும். அவன் திருப்புவதை நிறுத்தினால் முழங்கை நிற்கும். முழங்கை நின்றதும் நான் கையை உயர்த்துவேன்.

“இப்ப பாத்தியா, ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகுது” என்று அவன் ஒருநாள் மகிழ்ந்துபோனான். “கடைசியில உனக்கு ஞானம் வந்திட்டுது.”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் கார் அசையாமல் கிடந்தது. நிலைமை சீரான பிறகு, பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்று கொழும்பிலிருந்து கண்டிக்கு எல்லோரும் ஓட்டிக்கொண்டு போவதென்று ஏற்பாடு செய்தது. என் நண்பன் சின்னப் பிள்ளைபோல் ஆகிவிட்டான். அவனுடைய மகன் ஒரு வங்கியில் வேலை, அதே வீட்டின் மேல்மாடியில் குடும்பத்தோடு இருக்கிறான். “அப்பா, இந்த வயதில கடுகண்ணாவ ஏற்றமெல்லாம் எதுக்கு?” என்று கேட்டானாம். அது போதும். அதற்குப் பிறகு என் நண்பனை யாராலும் தடுக்க முடியாது. கடைசியாக ஒரு ஞாயிறு கலவையை இருவருமாக வைத்தோம். அதாவது அவன் வைத்தான், நான் அவனுடைய முழங்கையைப் பார்த்தேன்.

அந்தக் கிழமை அவனுடைய வீட்டுக்குப் போகும் ஒழுங்கையைத் தண்ணீர்க்குழாய் பதிக்க வெட்டத் தொடங்கினார்கள். கார் உள்ளே அகப்பட்டுவிடும் என்று நான் அதை வெள்ளவத்தைக்கு எடுத்துவந்து எங்கள் பிளாட்டின் கீழே நிறுத்தினேன்.

மெல்பேர்னில் இருக்கும் என் மகன் அதற்குச் சில மாதம் முன் ஒரு மீற்றர் அனுப்பியிருந்தான். புகைக்குழாய்க்குள் அதன் மூக்கைச் செருகிவிட்டால், கலவையில் ஒரு பங்கு பெற்றோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று சிவப்பு எழுத்தில் காட்டும். கேட்காத காதோடு இருந்தவனுக்கு அது கடவுள் அனுப்பியதுபோல் இருந்தது. நான் அதைப் பற்றி என் நண்பனிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் வரவழைத்தாய் என்று கேட்பான். அவன் கேட்டால் விடமாட்டான்.

ஒரு பகலில் கீழே இறங்கிப்போய் எஞ்சினை ஓடவிட்டு மீற்றரைச் செருகினேன். பன்னிரண்டு சொச்சம் காட்டியது, அதாவது பெற்றோல் அதிகம். புத்தகக் கணக்கு பதினாலேமுக்காலுக்குக் கிட்ட. எனக்கு அப்போது வந்தது கவலையல்ல, மகிழ்ச்சி. அவனுடைய காது இத்தனை வருடமும் பிழையாக இருந்திருக்கிறது என்ற மகிழ்ச்சி. நட்டை ஒரு முகம் ஏற்றினேன். இன்னொரு முகம் ஏற்றினேன். எண் நான் விரும்பிய இடத்துக்கு வந்து நிற்கும்வரை இரண்டு காபரேட்டரிலும் ஏற்றினேன். கார் நிறுத்துமிடத்தில் ஆளில்லை. மேலே யாரோ ஒரு பெண் புகை மணக்கிறது என்று யன்னலைச் சாத்தினாள். மீற்றரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு மேலே போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

கண்டிக்குப் புறப்பட்ட அன்று காலை அவன் ஓட்டோவில் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தான். தலையில் தொப்பி, கழுத்தில் பேரப்பிள்ளையின் ஸ்கார்ஃப். சாவியைத் திருகினான். எஞ்சின் பிடித்தது. தலையைச் சரித்துக் கேட்டான்.

“என்னடா, சத்தம் கொஞ்சம் மெலிஞ்சு கிடக்கு?”

காலைக் குளிர் என்று சொன்னேன். கொழும்பில் என்ன காலைக் குளிர். ஆனால் அவன் என்னை நம்பினான். அந்த முறையே அப்படித்தான். ஒரு காது சந்தேகப்பட்டால் மற்றக் காது சொல்வதைக் கேட்கவேண்டும்.

களனிப் பாலம் கடந்து கண்டி வீதியில் ஏறினோம். வழியில் அவன் ஓரிரு தடவை தலையைச் சரித்தான். சமவெளியில் கார் நன்றாகவே ஓடியது. சங்கத்து ஆட்கள் எங்களைக் கடந்துபோகும்போது கையசைத்தார்கள். அவன் பாட்டும் பாடினான். கொட்டாஞ்சேனைக் கோயிலின் பாடற்குழுவில் இளவயதிலிருந்து பாடுகிறவன் அவன். கனத்த குரல். எனக்கு இப்போதும் தெளிவாகக் கேட்கும் சத்தங்களில் அது ஒன்று.

கண்டிக்குக் கிட்ட மலையில் வளைந்து ஏறும் கடுகண்ணாவ ஏற்றம் தொடங்கியதும் பாட்டு நின்றது. கியரைக் குறைத்தான். முன்னால் ஒரு பஸ், அதற்கு முன்னால் ஒரு லொறி. வெயில் ஏறியிருந்தது.

“மச்சான், தகரப்பேணிக்குள்ள கல்லுப் போட்டுக் குலுக்கிற மாதிரி ஒரு சத்தம். உனக்குக் கேக்குதே?”

“இல்லை” என்றேன்.

“வடிவாக் கேள்.”

நான் கவனமாகத்தான் கேட்டேன். காற்றும் பஸ்சின் உறுமலும் கேட்டன. வேறு எதுவும் கேட்கவில்லை. அவன் காலைத் தளர்த்தி ஓரத்தில் நிறுத்தப் பார்த்தான். கலவை கணக்காக இருக்கிறது என்று என் மனதில் அந்தச் சிவப்பு எண் எரிந்துகொண்டிருந்தது.

“ஒண்டும் கேக்கேல்லையடா. உனக்குக் காது இரையுது. ஓடு.”

அவன் ஓட்டினான். தன் காதை விட்டுவிட்டு என் காதை நம்பி ஓட்டினான். நான்கைந்து வளைவு தாண்டுவதற்குள் எஞ்சின் ஒருமுறை இருமியது. பின்னால் நீலப்புகை கிளம்பியது. அதற்குப் பிறகு இழுவை இல்லை. வீதியோரக் கற்பாறை ஒன்றின் பக்கம் காரை உருட்டி நிறுத்திவிட்டு அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான்.

நான் சொன்ன ‘இல்லை’ பொய்யல்ல என்று பிறகு எனக்கு நானே எத்தனையோ தடவை வாதாடியிருக்கிறேன். எனக்குக் கேட்கவில்லை, கேட்கவில்லை என்றேன். ஆனால் என்னுடைய காதை நம்பாதே என்று சொல்லவில்லை. நட்டைத் தொட்டேன் என்று சொல்லவில்லை. அந்த இரண்டையும் மறைத்துவிட்டுச் சொன்ன உண்மைக்கு என்ன மதிப்பு? அவனிடம் ஏதாவது ஒரு சாட்சி இப்படிச் சொல்லியிருந்தால் கூண்டிலேயே உரித்திருப்பான்.

காரை லொறியில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுவந்து, எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் பாஸ் ஒருவரின் பஞ்சிகாவத்தை வேலைத்தளத்தில் இறக்கினோம். சிங்களவர். எங்கள் எஞ்சினை முன்பும் திறந்தவர். திறந்தார். ஒரு பிஸ்டனின் தலையில் தேத்தண்ணிக் கரண்டி போகும் அளவுக்கு ஓட்டை. பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தார். சுண்ணாம்பில் தோய்த்தவைபோல் வெளுத்திருந்தன. பெற்றோல் போதாமல் எரிந்திருக்கிறது, அவனுக்குக் கேட்ட கல்லுச் சத்தம் அதுதான் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

“மாத்தயா, கலவை வைத்தது யார்?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“நான்” என்றான் என் நண்பன்.

நான் அங்கே கூரையிலிருந்து தொங்கிய ஃபேன் பெல்ட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் ஆத்திரத்தின் பெரும்பகுதி இனி வருவதன்மேல்தான். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அவன் வைத்த பிறகு அந்த நட்டை வேறு யாராவது தொட்டார்களா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முப்பது வயதுக்காரன் ஒருவனின் எஞ்சின் வெடித்திருந்தால் பெற்றோல் சரியில்லை என்பார்கள், ஒயில் சரியில்லை என்பார்கள், உதிரிப்பாகம் போலி என்பார்கள். என் நண்பனுடைய நரைத்த தலையைப் பார்த்தார்கள், விசாரணை முடிந்துவிட்டது. சங்கத்து இளைஞன் ஒருவன் என்னைத் தனியே கூப்பிட்டு, “அங்கிளுக்குக் காது கொஞ்சம் டல் போல, நீங்களாவது சொல்லலாம்தானே” என்றான். அவனோடு கதைத்துக்கொண்டிருந்தது அந்த டல் காதுதான். அவன் சொன்னதைப் பிடிக்க நான் அவனுடைய உதட்டைப் பார்க்கவேண்டியிருந்தது.

என் நண்பனின் மகன் சாவியை வாங்கி மேலே கொண்டுபோனான். கெட்டவனல்ல. ஆனால் தகப்பனை ஒரு காது வைத்தியரிடமும் அங்கிருந்து ஒரு கடைக்கும் கூட்டிப்போனான். எங்கள் வயதில் எல்லோருக்கும் குறைகிற அளவுதான் குறைந்திருக்கிறது என்று வைத்தியர் சொன்னாராம். கடைக்காரன் அதைக் கேட்பானா? இல்லாத சத்தம் கேட்கிறது என்று இவன் வேறு சொல்லியிருக்கிறான், கல்லுக் குலுக்கிய கதையை. கடைக்காரனுக்கு அது போதும். கருவியை மாட்டி அனுப்பிவிட்டான். இருந்த சத்தத்தைக் கேட்டதற்காக ஒரு மனிதனுக்கு வைத்தியம் பார்த்தார்கள். இதை நினைத்து நான் பல்லைக் கடித்தேன். பல்லைக் கடித்ததோடு சரி, வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் எல்லோரும் அவனோடு கத்திக் கதைக்கத் தொடங்கினார்கள். மருமகள் அடுக்களையிலிருந்து “மாமா, சாப்பாடு!” என்று கூவினால் தெருமுனைவரை கேட்கும். “பிள்ளை, கத்தாதையுங்கோ, எனக்குக் கேக்குது” என்பான். அவள் “என்ன மாமா?” என்று இன்னும் உரத்துக் கேட்பாள். இதைச் சொல்லி அவன் ஆரம்பத்தில் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. ஒரு ஞாயிறு நான் போனபோது வழக்கத்தைவிட முந்தியே வீட்டில் இருந்தான். பாடற்குழுவை விட்டுவிட்டானாம். தன் சுருதி சரியா என்று தன்னால் இனிச் சொல்லமுடியாதாம். மற்றவர்களுக்கு ஏன் இடைஞ்சல் என்றான். இப்போதெல்லாம் கோயிலின் கடைசி வாங்குப் பலகையில் இருந்து வாயை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு வருகிறானாம்.

அன்றே சொல்லியிருக்கவேண்டும். நான் கடைக்காரனைத் திட்டினேன். பிஸ்டன் இறக்குமதி செய்ய வழியில்லாத நாட்டைத் திட்டினேன், பெற்றோல் நிலையத்தில் கலப்படம் செய்கிறார்கள் என்று திட்டினேன். என் திட்டுகளை அவன் கவனமாகக் கேட்டான். நான் அவனுக்காகக் கோபப்படுகிறேன் என்று நினைத்திருப்பான்.

பிறகொரு ஞாயிறு. எஞ்சின் இன்னும் பஞ்சிகாவத்தையில் திறந்து கிடந்தது. கார் மட்டும், முன்பக்கம் வெறுமையாக, கராஜுக்குத் திரும்பி வந்திருந்தது. அவன் அதன் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தான். நான் உட்காருமுன் சொன்னான்.

“மச்சான், நான் யோசிச்சனான். காரை நீ எடு. முழுசா நீ எடு. என்ர பங்கை உனக்கு எழுதித் தாறன், சல்லி ஒண்டும் வேண்டாம்.”

ஏன் என்று கேட்டேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“உன்ர காது நல்லா இருக்கு. அண்டைக்கு நீ சொன்னது சரி. என்ர காதுதான் இரைஞ்சது. காது இல்லாதவன் இதை வைச்சிருந்து என்ன செய்ய? ஆராவது ஒரு பொடியன் வாங்கி உள்ளுக்க ஜப்பான் எஞ்சினை வைப்பான். நீ வைச்சிரு.”

அந்தக் கதிரையில் அவன் இருந்த இருப்பு எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. நீதிமன்றத்தில் நிமிர்ந்து நின்றவன், தன் காதையே நம்பாமல், தன் பொருளை எனக்குத் தூக்கிக் கொடுக்கிறான். நான் நின்றபடியே சொன்னேன். நட்டைத் தொட்டவன் நான் என்று சொன்னேன். மீற்றரைப் பற்றியும் சொன்னேன்.

அவனுடைய புதுக்கடை வக்கீல் குரல் வந்தது. அந்தக் குரலை நான் வருடக்கணக்கில் கேட்டிருக்கவில்லை.

“எத்தினை முகம் திருப்பினனி?”

“மூண்டு.”

“ரெண்டு காபரேட்டரிலயுமே?”

“ஓம்.”

“ஏத்தினியோ, இறக்கினியோ?”

“ஏத்தினனான்.”

“நான் வைச்ச பிறகு.”

“ஓம்.”

“அப்ப கடுகண்ணாவில எனக்குக் கேட்டது?”

“உண்மையான சத்தம்.”

“நீ கேக்கேல்லை எண்டு சொன்னது?”

“அதுவும் உண்மை. எனக்குக் கேக்கேல்லை. கனகாலமா எனக்குக் கேக்கிறேல்லை. நான் உன்ர முழங்கையைப் பாத்துத்தான் கை தூக்கினனான்.”

அவன் எழுந்தான். என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். காரைச் சுற்றிப் பின்பக்கம் போய், நாங்கள் கண்ணை மூடி நிற்கும் இடத்தில் நின்று, அங்கிருந்து பொனட்டின் பக்கம் பார்த்தான். முழங்கை தெரியுமா என்று பார்த்திருக்கிறான். திரும்பி வந்தான்.

“எஞ்சினை விடு” என்றான். “எஞ்சின் இரும்பு. பிஸ்டன் இண்டைக்கு இல்லாட்டி நாளைக்கு வரும். நான் இவ்வளவு நாளும் என்ர பேத்தி கதைக்கேக்கையும் இது உண்மையாக் கேக்குதோ, இல்லாட்டிக் காது இரையுதோ எண்டு யோசிச்சனான். கோயில் மணி அடிச்சா, மற்றவை எழும்புகினமோ எண்டு பாத்திட்டுத்தான் நான் எழும்பினனான். பாட்டை விட்டனான். நீ ஒவ்வொரு ஞாயிறும் வந்து இந்தக் கதிரையில இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனனி.”

மன்னிப்புக் கேட்டேன். அவன் அதைக் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வலது காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்க் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான்.

“மகன் மேல நிக்கிறான். கூப்பிட்டுச் சொல்லு.”

“இப்பவோ?”

“இப்ப. இங்க நிண்டு சொல்லு. சத்தமாச் சொல்லு, இந்த வீட்டில எல்லாரும் சத்தமாத்தானே கதைக்கினம்.”

நான் முற்றத்தில் நின்று அவனுடைய மகனைக் கூப்பிட்டேன். மகனும் மருமகளும் பல்கனிக்கு வந்தார்கள். கல்லூரிச் சபையிலும் திணைக்களக் கூட்டங்களிலும் பேசிய நான், எண்பதை நெருங்கும் வயதில், அண்ணாந்து பார்த்துக்கொண்டு, எஞ்சினை உடைத்தவன் நான், உங்கள் அப்பாவின் காதில் ஒரு பழுதும் இல்லை என்று கூவினேன். பக்கத்து வீட்டு யன்னலும் திறந்தது. மகன் என்ன சொல்வதென்று தெரியாமல் “பரவாயில்லை அங்கிள்” என்றான். அந்தப் ‘பரவாயில்லை’யில் எனக்கு மறுபடியும் ஆத்திரம் வந்தது. யாருக்குப் பரவாயில்லை? யாரைக் கேட்டு அதைச் சொல்கிறான்? பிறகு அவனும் இறங்கிவந்து தகப்பனின் முன் நின்றான். சாவியை நீட்டினான். என் நண்பன் உடனே வாங்கவில்லை. கொஞ்சநேரம் நீட்டியபடி நிற்கவிட்டுத்தான் வாங்கினான்.

கருவியைக் கடைக்காரன் திருப்பி எடுக்கவில்லை. எடுப்பான் என்று யாரும் நினைக்கவுமில்லை. நான் போய் என் காதுகளைச் சோதித்தேன். இப்போது என் இரண்டு காதிலும் கருவி இருக்கிறது. மனிதர்கள் கதைப்பது கேட்கிறது. எஞ்சினின் சத்தம் மட்டும் தகரக் கூரையில் மழை விழுவதுபோல், எல்லா இடத்திலும் ஒரே மாதிரிக் கேட்கிறது. கலவை வைக்க அந்தக் காது உதவாது.

அவன் பாடற்குழுவுக்குத் திரும்பிப் போய்விட்டான். என்னோடு அதிகம் கதைப்பதில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. வந்தால் கதிரை போடுகிறான், தேத்தண்ணி வருகிறது. காரைப் பற்றி மட்டும் கதைக்கிறோம். பழைய நாளில் ஒன்றிலிருந்து ஒன்று தாவி அரசியல், ஊர், பள்ளிக்கூடம் என்று போகும் கதை இப்போது காரோடு நின்றுவிடுகிறது.

பிஸ்டன் வந்தது. பாஸ் எஞ்சினைப் பூட்டினார். போன ஞாயிறு கலவை வைக்கிற நாள். கராஜில் பாஸும் நின்றார், மகனும் இறங்கிவந்து நின்றான். நான் பழக்கத்தில் ஸ்பானரை எடுக்கப்போனேன். என் நண்பன் அதை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டான்.

“நீ ஏறி இரு. காலை மட்டும் வை.”

நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறி ஆக்சிலேட்டரில் காலை வைத்தேன். எஞ்சின் பிடித்தது. காலின் அடியில் அதன் நடுக்கம் தெரிந்தது. அவன் குனிந்து முதல் நட்டைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

“கேக்குதே?”

பாஸ் என்னைப் பார்த்தார். மகன் வேறு பக்கம் பார்த்தான்.

“இல்லை” என்றேன்.

அவன் குனிந்து இன்னும் ஒரு முகம் இறக்கினான். தலையைச் சரித்துத் தானே கேட்டான். முகம் கொஞ்சம் தெளிந்தது. மறுபடியும் நிமிர்ந்தான்.

“இப்ப கேக்குதே?”

“இல்லை.”

“சரி” என்றான். “ஒவ்வொரு தடவையும் கேப்பன். ஒவ்வொரு தடவையும் இப்பிடியே உள்ளதைச் சொல்லு.”

இரண்டாவது காபரேட்டரின் பக்கம் நகர்ந்து குனிந்தான். நான் காலை அசைக்காமல் வைத்திருந்தேன்.